காலை ஒன்பதுக்குள்

காலை ஒன்பதுக்குள் சொல்லிவிட வேண்டும்.
படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
ஆயத்தம், ஆயத்தமில்லை.
இப்போது மணி இரண்டு இருபது.
கயானியில் செப்டம்பர் மழை
அரங்கின் தகரக் கூரையை விடாமல் தட்டுகிறது.
நானும் திரையும்
ஆறிப்போன காபியும்.

ஒன்னி கெத்துனென். வயது பத்தொன்பது.
இடப்பக்கத் தற்காப்பு.
முகாமுக்கென்று கொடுத்த எழுபத்தொன்றாம் எண் சட்டை.
பெயரைத் தலைக்கவசத்தில்
காகித நாடாவில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.
எளிதில் உரியும் நாடா,
எல்லா ஆண்டும் அதே உருளைதான்.

மூன்று பயிற்சி ஆட்டங்கள், நாற்பத்தொரு துண்டுகள்.
ஒரு சோறு போதும் பதம் பார்க்க என்பது
அரிசிக்குப் பொருந்தும்.
பையன்கள் நொடிக்கு நொடி
வெந்தும் வேகாமலும் இருக்கிறார்கள்.

ஏழாவது துண்டு.
பின்னோக்கி வழுக்கிப் போகிறான்,
எதிரே வருபவன் ஒரு தலை உயரம் கூட.
நடுவே ஒரு மட்டை நீள இடைவெளி.
நடுக்கோட்டிலிருந்து நீலக்கோடு வரை
அதைச் சிந்தாமல் ஏந்தி வருகிறான்,
விளிம்பு தட்ட நிறைந்த கோப்பையைப் போல.
வந்தவன் வேறு வழியின்றி
பக்கைச் சுவரோரம் தட்டிவிட்டுப் போகிறான்.
அவ்வளவுதான்.
ஒருவரும் கைதட்டவில்லை.

பதினெட்டாவது.
முந்திரிக்கொட்டையாய் முன்னே பாய்கிறான்.
முதுகுக்குப் பின்னால் திறந்த வெளி,
கோலி தன்னந்தனியே,
சிவப்பு விளக்கு.
நிறுத்துகிறேன், பின்னால் ஓட்டுகிறேன், நிறுத்துகிறேன்.
பாயுமுன் வலப்பக்கம் பார்த்தானா?
தலை திரும்பியது போலவும் இருக்கிறது,
கவசத்தின் நிழல் போலவும் இருக்கிறது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.
ஆனால் கேமரா
பக்கின் பின்னால் ஓடுகிற நாய்க்குட்டி.
தற்காப்புக்காரனின் வேலையில் பாதி
பக் இல்லாத இடத்தில் நடக்கிறது.
அவன் சரியாக நின்றதால் போடப்படாத பாஸ்,
அவன் தோள் அங்கே இருந்ததால்
எவனோ மனத்துக்குள்ளேயே கைவிட்ட எண்ணம்,
இவற்றுக்கு என்னிடம் காட்சி இல்லை.
நடக்காததை எந்த நொடியில் வெட்டி எடுப்பேன்?

அவன் உள்ளே வந்தால் தார்மோ சில்வஸ்தி வெளியே.
அதைப் படிவம் கேட்கவில்லை.
முப்பத்து நான்கு வயது, இடுப்பில் இரண்டு அறுவை,
ஒரு மாத ஒப்பந்தம்.
நேற்று உடைமாற்றும் அறையில்
ஒன்னிக்கு மட்டையில் சுற்ற டேப் தீர்ந்தபோது
தன்னுடையதை உருட்டிவிட்டது தார்மோதான்,
நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

முப்பத்து மூன்றாவதைத்தான்
திரும்பத் திரும்பப் போடுகிறேன்.
இடப்பக்க மூலை. பக்கை எடுக்க முதலில் போகிறான்.
பின்னால் ஒருவன் வருவது எனக்குத் தெரிகிறது.
அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.
கண்ணாடி அதிர மோதல்.
முழங்காலில் விழுகிறான், பக் போய்விட்டது.
பெஞ்சில் உட்கார்ந்து
தண்ணீர் பாட்டிலின் மூடியைக் கடிக்கிறான்.
இரண்டு நிமிடம் கழித்து
அதே மூலை, அதே ஆள்,
அதே வழியாகவே போகிறான்.
இம்முறை அடி விழுமுன்
பக் நடுவில் நின்றவனின் மட்டைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.
அடி மட்டும் வந்தது, தவறாமல்.

இது கற்றுக்கொண்டதா,
பயமே இல்லாததா,
வேறு வழி தெரியாததா?
முதலாவது என்றால் இந்தக் கட்டம்.
மூன்றாவது என்றால் அந்தக் கட்டம்.
இரண்டாவது என்றால்
மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் மொழியில் ஒன்னி என்றால் அதிர்ஷ்டம்.
பெயர் வைத்தவர்கள் ஹாக்கி பார்ப்பவர்களா, தெரியாது.

ஏழு மணிக்குப் பனித்தளத்தில் விளக்கு எரிகிறது.
யாரோ ஸ்கேட் உரசும் சத்தம்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
பார்த்தால் அது நாற்பத்திரண்டாவது துண்டாகிவிடும்.

எட்டு ஐம்பது.
குறிப்புக்கென்று விட்ட ஒற்றை வரியில் எழுதுகிறேன்:
மூலைக்கு இரண்டாம் முறையும் போனான்,
முப்பத்து மூன்றாவதை ஒலி இல்லாமல் பார்க்கவும்.
பிறகு முதல் கட்டத்தில் ஒரு டிக்,
அடித்ததா பேனா பட்டதா என்று
சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது.
நகலில் அது விழுமா விழாதா என்பது
இனி இயந்திரத்தின் பாடு.